ஏழாம் பாகத்தில் கரையான்

ஷட்டரைப் பாதி இறக்கினால்
எங்களுக்கு மதியம்.
தெக்லா ஏழாம் பாகத்தில் இருந்தாள்,
நான் மூன்றில்.
யாரோ தகரத்தைத் தட்டினார்கள்.
"மூணரைக்கு மேல வாங்க" என்றேன்
தலை நிமிராமல்.
செருப்புச் சத்தம் கொஞ்சம் தயங்கிப் போனது.

தேவகோட்டையில் மருந்துக்கடை,
வாடகை நூலகத்துப் புத்தகம்.
எங்கோ குளிர்நாட்டுக் கதை,
தமிழுக்கு வந்து, அட்டை கிழிந்து,
பெவிகால் வாசத்தோடு கைமாறுவது.
முதல் சொல்லே "போ."
மாவுமில்காரன் ஒரு சிறுவனைப்
பனியில் தள்ளிக் கதவைச் சாத்துகிறான்.
அதற்கப்புறம் மூவாயிரம் பக்கம்
மான், கிணறு, முட்டை, போர்.

நாலாம் பாகத்தில் ஒரு பறவை
தன் நெஞ்சைத் தானே கொத்திக்
குஞ்சுகளுக்கு ரத்தம் ஊட்டும்.
"கொக்குன்னு போட்டிருக்கான் பாரு."
தெக்லாவுக்கு மொழிபெயர்த்தவர் மேல் கோபம்.
"கொக்கு காத்திருக்கும். கொடுக்காது.
இது கூழைக்கடா.
எங்க கோயில் பீடத்துல செதுக்கியிருக்கு.
சின்னப் பிள்ளையில பூசை நீளும்போதெல்லாம்
அதோட குஞ்சுகளை எண்ணுவேன். மூணு."

தண்ணீர் தேடும் மான் யார்,
கிணற்றுக்குள் ஏன் மூன்று இரவு,
முட்டை ஏன் ஞாயிறு விடியலில் விரிசல் விட்டது,
எல்லாம் அவளுக்கு
இடுப்புச் சாவிக்கொத்துப் போலப் பழக்கம்.
எனக்குத் தெரிந்தது
பத்தாம் வகுப்பு அந்தாதிதான்.
கடைசிச் சொல் நடந்து வந்து
முதல் சொல்லின் கையைப் பிடிக்கும்.
மண்டலித்தல்.
ஒரு மதிப்பெண்.

ஏழின் கடைசிப் பதினெட்டுப் பக்கங்களைக்
கரையான் வாசித்திருந்தது.
தெக்லா ஒரு மாதம் இதைச் சொல்லவில்லை.
நானும் வந்து சேரட்டும் என்று
தனியாகப் பொறுத்திருக்கிறாள்.

பில் புத்தகத்தின் பின்புறம் கோடு போட்டேன்.
ஒன்றில் பனி, ஏழில் பனி.
இரண்டில் தொலைந்த மணி ஆறில் ஒலிக்கிறது.
மூன்றில் மூழ்கியவள் ஐந்தில் கரையேறுகிறாள்.
நாலு மட்டும் ஜோடி இல்லாமல்,
வளவு மாதிரி, மழைக்குத் திறந்து.
"தெருக்கதவுல நின்னா
பின்தெருக் கதவு வரைக்கும் தெரியுமில்ல,
அப்படித்தான் கட்டியிருக்காங்க.
கடைசிச் சொல்லும் 'போ'தான். எழுதி வச்சுக்க."
"இருக்காது" என்றாள்.
"ஏன்?"
"அப்படி முடிஞ்சா
அந்தப் பறவை எதுக்கு?"

பந்தயம் ஒரு ரோஸ்மில்க்.

இருமல் மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர்
காரைக்குடியிலிருந்து நல்ல பிரதி கொண்டுவந்தார்.
தெக்லா வாய்விட்டு வாசித்தாள்,
நான் இன்சுலின் பெட்டிகளை அடுக்கியபடி.
பனி. அதே வீடு. அதே கதவு.
நான் சிரித்தேன், சீக்கிரமே.
சிறுவன், இப்போது தாடி வைத்தவன்,
உள்ளே நிற்கிறான்.
தட்டுவது மாவுமில்காரன்,
மீசையெல்லாம் பனி,
பேர் சொல்லக்கூட வாய் வரவில்லை.
தாழ்ப்பாள் சத்தம்.
பிறகு ஒரே சொல், பக்கத்தின் நடுவில்
"வா."

வளையம் சரியாகத்தான் மூடியது.
ஆள்தான் இடம் மாறியிருந்தது.
நான் போட்ட கோட்டில் அதற்கு இடமில்லை.
தெக்லா ரோஸ்மில்க் கேட்கவில்லை.
விரலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு
பிரிட்ஜ் ஓடும் சத்தத்தை
வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஷட்டரைப் பாதி இறக்கினோம்.
யாரோ தட்டினார்கள்.
இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்,
கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.
தூக்கினேன்.
"உள்ள வாங்க."
அவருக்கு வேண்டியது
ஐநூறுக்குச் சில்லறை.
எங்களிடம் இல்லை.
தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.
அதற்கப்புறம் இறக்கத் தோன்றவில்லை.
வெயில் பில் புத்தகம் வரை வந்து
நான் போட்ட கோட்டின் மேல் கிடந்தது.